கற்றையில் ஒரு கறை

செப்டம்பர் 9, திங்கள்
மறுபடியும் அந்தக் கறை. லேசர் கற்றையின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம், சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. வெள்ளிக்கிழமை ஆடியைச் சரிசெய்துவிட்டுத்தான் மலைமேல் இருக்கும் ஆய்வுக்கூடத்தைவிட்டு இறங்கினேன்.

என் ஆடி அது. உள்ளங்கை அகலம், தகடு போல மெல்லியது, முதுகில் தொண்ணூற்றேழு ஊசிகள். எந்த ஊசி எவ்வளவு தள்ள வேண்டும் என்று கணினி சொல்லும். ஆடி அதற்கேற்ப நெளிந்து, கசங்கி வரும் ஒளியை உருண்டையாக்கி வானத்துக்கு அனுப்பும். அந்த ஊசிகளுக்குக் கட்டளை எழுதுவது டேரன் வுக்கோவிச். சனிக்கிழமை அவன் வந்திருக்கிறான். கதவுப் பதிவில் இருக்கிறது.

செப்டம்பர் 12
கேமராப் படத்தில் கறை இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கும் பார்வைக் குழாயில் இருக்கிறது. கேமராப் படமும் டேரனின் நிரல் வழியாகத்தானே வருகிறது?

"கழுகுக் கண்ணி, எங்க யாருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் தெரியுதா?" என்று சிரித்தான். குழாயில் பார்த்துவிட்டு, "நல்ல உருண்டையா இருக்கே, நோரீன்" என்றான். ஒருவனுக்கு இத்தனை சுலபமாகப் பொய் வருமா? இருபத்திரண்டு வருடமாக அந்தக் குழாயில் பார்ப்பவள் நான்.

செப்டம்பர் 20
ஆடியின் மூடிமேல் என் தலைமுடி ஒன்றை ஒட்டிவிட்டு வந்தேன். யாராவது திறந்தால் அறுந்துவிடும்.

செப்டம்பர் 23
முடி அப்படியே இருக்கிறது. கறையும். அப்படியானால் கணினி வழியாகத்தான் செய்கிறான்.

அக்டோபர் 2
நான் உள்ளே போனதும் டேரன் கணினித் திரையை மூடினான்.
"என்ன எழுதிட்டிருந்த?"
"ஒண்ணுமில்ல. பிலிப்பாவுக்கு ஒரு கடிதம்."
பிலிப்பா எங்கள் தலைவி. என்னிடம் மறைத்து அவளுக்கு என்ன கடிதம்? நவம்பர் நாலாம் தேதி சோதனை. ஆடியை வாங்க வருகிறவர்கள் முன் கற்றை கோணலாகப் போனால் யார் தலை உருளும்? என் தலை.

அக்டோபர் 9
எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன்.
"இது சின்ன விஷயமில்ல, நோரீன். ஆதாரம் இருக்கா?" என்றாள் பிலிப்பா.
"என் கண்ணால பாத்தேன்."
விசாரணை முடியும்வரை டேரன் ஆய்வுக்கூடத்துக்குள் வரக் கூடாது. பையைத் தூக்கிக்கொண்டு போகையில் என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. அதுதான் உறுத்துகிறது. நடிப்பு.

அக்டோபர் 16
அவன் இல்லாமல் ஒரு வாரம். வெளியாள் ஒருவர் நிரலை வரி வரியாகப் பார்த்துவிட்டார். பிழை இல்லையாம். கறை போகவில்லை. எதையோ புதைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அக்டோபர் 18
கான்பெரா முழுக்கப் புல்லின் மகரந்தத் தூள். குழாயில் எப்போதும் வைக்கும் வலக் கண்ணில் நீர் நிற்கவில்லை. சரியென்று இடக் கண்ணை வைத்துக் குழாயில் பார்த்தேன்.

கறை இல்லை.

வலது — இருக்கு. இடது — இல்ல. எத்தன தடவ மாத்தி மாத்திப் பாத்தேன்னு தெரியல. கடைசில இடக் கண்ணப் பொத்திக்கிட்டு வெள்ளச் சுவத்தப் பாத்தேன். சுவத்துலயும் இருக்கு.

அக்டோபர் 22
"விழித்திரையில சின்னத் தீக்காயம். மூணு மாசம் இருக்கும்" என்றார் கண் மருத்துவர். "ரெண்டு கண்ணும் திறந்திருந்தா ஒண்ணோட குறைய இன்னொண்ணு மறைச்சிடும். லேசர் பக்கத்துல வேலையா?"

ஜூலை. ஒரு திருகை இறுக்குவதற்காகக் காப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். ஒரு மின்னல். கண்ணைத் தேய்த்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மாதம் கூடத்தை மூடிவிடுவார்கள்.

டேரனை அத்தனை துருவினேனே, இத ஏன் ஒரு தடவகூட நெனச்சுப் பாக்கல? தெரிஞ்சேதான் மறந்தேனா?

அக்டோபர் 24
பிலிப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புகாரைத் திரும்பப் பெற்றேன். அவள் டேரன் அனுப்பிய கடிதத்தைக் காட்டினாள். தேதி அக்டோபர் 2. நோரீனின் கண்ணில் ஏதோ கோளாறு என்று அஞ்சுவதாகவும், அவள் மனம் நோகாமல் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்றும் எழுதியிருந்தான்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். அதுக்குள்ள உன் புகார் வந்துச்சு. தான் தப்பிக்கத்தான் அவன் முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கான்னு எனக்கும் தோணிடுச்சு." தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 27, ஞாயிறு
டேரன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. கொல்லைப்புறத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"பதினோரு வருஷம் கூட வேல பாத்திருக்கோம். என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாம்ல?"
இறைச்சியைத் திருப்பிப் போட்டான்.
"மன்னிச்சேன்னு இப்ப வாயில வராது, நோரீன். ஆனா அந்த ஒளி எதுல பட்டுத் தெறிச்சதுன்னு பாத்தியா? நாளைக்கு இன்னொருத்தர் அதே எடத்துல குனிவாங்க."

பார்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பர் 4
சோதனை தள்ளிப்போய்விட்டது. கூடத்தில் டேரனும் நானும் மட்டும். லேசரை மங்கலாக்கி, கற்றை கண்ணுக்குத் தெரியப் புகை விட்டுத் தேடினோம். ஜூலையில் எங்கே குனிந்தேன் என்று நான் குனிந்து காட்ட, அவன் அந்த உயரத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அட்டையில் ஒரு புள்ளி விழுந்தது. ஆடிக்குப் பக்கத்தில் ஓர் உலோகப் பிடி. அதன் பளபளத்த விளிம்பில் பட்டுத்தான் ஒளி தெறித்திருக்கிறது.

கறுப்பு நாடாவை வெட்டிக் கொடுத்தேன். ஒட்டினான்.

கிளம்பும்போது, "நாளைக்கு எத்தன மணிக்கு?" என்றான்.

எட்டு மணிக்கு என்றேன்.