ஒருசந்திக் கஞ்சி

மார்ச் 3, திங்கள்

84.2. செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி, மூச்சை முழுக்க வெளியே விட்டு நின்றும் 84.2தான்.

ஈஸ்டர் முடிந்து மறுபடி ஸ்கேன். அதற்குள் ஐந்து கிலோ குறைய வேண்டும். குறைந்தால்தான் என் ஈரலில் ஒரு துண்டை எடுத்துத் தம்பி ரெனால்டுக்கு வைப்பார்கள். "உங்க ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு, இப்படியே எடுக்க முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்தவன் அவன், வயிற்றைக் கட்டுவது நான். நல்ல நியாயம்! அவன் குடியை விட்டு ஒன்பது மாதமாச்சு, இப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன்.

டயட்டீஷியன் ஷமீமா கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாச்சு. காலையில் இரண்டு முட்டை, அதில் மஞ்சள் கரு ஒன்றுதான். மதியம் மீன், காய், ஒரு சப்பாத்தி. ராத்திரிக்குப் பருப்பு. படிக்க நல்லாத்தான் இருக்கு.

மார்ச் 5, சாம்பல் புதன்

போச்சு. கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கி வந்த கையோடு அம்மா சொன்னாள்: "ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டுல கறி, மீன், முட்டை ஒண்ணும் கெடையாது. நீயும் நானும் ஒருசந்தி. ஒரு வேள கஞ்சிதான். அந்தோணியாருக்கு நேந்துட்டேன்."

"யாரைக் கேட்டு நேந்த?"

"ஒந் தம்பி பொழைக்கணுமா, வேண்டாமாட்டி?"

தாளில் முட்டையையும் மீனையும் பென்சிலால் அடித்தேன். ஒரு வேளைதான் தின்றால் இன்னும் சீக்கிரம் குறையும்தானே. ஷமீமாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

மார்ச் 11, செவ்வாய்

காலையிலிருந்து வெறும் வயிறு. வாஷி ஆபீஸில் மதியம் டப்பாவைத் திறந்து அம்மாவின் கஞ்சியைக் குடித்தால் பத்தே நிமிடத்தில் கண் சொருகுகிறது. பக்கத்து சீட் ஷ்ரவண் மேஜையைத் தட்டி, "சுஜா தீதி, ஸோ கயீ க்யா?" என்று, தூங்கிட்டியாக்கான்னு இந்தியில் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் ரயிலில் தூங்கி, இறங்க வேண்டிய செம்பூரை விட்டுவிட்டுக் குர்லாவில் விழித்தேன். வீட்டு மாடிப்படியில் இரண்டு தடவை உட்கார்ந்து ஏறினேன்.

எனக்கு வயது முப்பத்தெட்டா, எழுபத்தெட்டா?

மார்ச் 14, வெள்ளி

83.6. அவ்வளவுதானா?

மார்ச் 20, வியாழன்

83.8. ஏறியிருக்கிறது! ஒரு வேளைக் கஞ்சியில் எப்படி ஏறும்? மெஷினை ஹாலில் வைத்துப் பார்த்தேன், குளியலறை வாசலில் வைத்துப் பார்த்தேன். அதேதான். "விடுட்டி, ஒன் ஒடம்புவாகு அப்படி" என்றாள் அம்மா. குரலில் ஒரு நிம்மதி மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படிப் பட்டதோ என்னவோ.

ரெனால்டின் கண் இன்னும் மஞ்சளாகிவிட்டது. "யக்கா, முடியலன்னா விட்டுரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்கிறான். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நொடி — ஒரே நொடி — சந்தோஷமாகவும் இருந்தது. ஐயோ, என்ன பிறவி நான்!

இது சோர்வா, பயமா? உடம்பே கத்தி வேண்டாம் என்கிறதோ? குறையக் கூடாது என்று எனக்குள்ளேயே யாரோ பிடித்துவைத்திருக்கிறார்களோ? தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல.

மார்ச் 25, செவ்வாய்

வாஷி ஸ்டேஷன் படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு மராத்திக்காரம்மா தண்ணீர் கொடுத்தாள். ஷமீமாவுக்குப் போன் போட்டு ஒருசந்தி விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நாளை மறுநாள் மதியச் சாப்பாட்டை அப்படியே கொண்டு வரச் சொன்னாள்.

மார்ச் 27, வியாழன்

ஷமீமாவுக்கும் ரம்ஜான் நோன்பு. டப்பாவைத் திறந்து, கரண்டியால் கஞ்சியைக் கிளறி, சாய்த்துப் பார்த்தாள். மேலே எண்ணெய் மினுங்கியது.

"நான் ருசி பாக்க முடியாது. நீங்களே பாத்துச் சொல்லுங்க, இதுல என்ன இருக்கு?"

மூன்று வாரமாகப் பசியில் அள்ளி அள்ளிக் குடித்ததை இன்றுதான் ருசித்தேன். தேங்காய்ப்பால். தண்ணிப்பால் இல்லை, முதல் பால். நெய்யும்.

"தவக்காலக் கஞ்சின்னா தேங்காய் இருக்கும்தான்..." என்று இழுத்தேன்.

"இவ்வளவா? காலையிலயும் ராத்திரியும் பட்டினி, நடுவுல இது. எடையும் எறங்காது, தெம்பும் வராது. எங்கள்ல ஒடம்புக்கு முடியலன்னா நோன்பைத் தள்ளி வச்சுக்கலாம்மா. உங்கள்லயும் கேட்டுப் பாருங்க."

மார்ச் 28, வெள்ளி

காலையில் குப்பைக் கூடையைக் கிளறினேன். தேங்காய் மூடி நான்கு. எங்கள் வீட்டில் சட்னி அரைத்தே மாதமாகிறது. அம்மாவின் முன்னால் நான்கையும் வைத்தேன். அவள் மறைக்கவில்லை.

"ஆமா, ஊத்துனேன். நீ குறையலன்னா அவங்களே வேண்டாம்னுருவாங்கல்லா. அவனுக்கு அந்தோணியார் வேற வழி காட்டுவாரு. ஒன்னைய எதுக்கு வெட்டணும்?"

"அவர் காட்டலன்னா?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரையும் ஒரே நாள்ல உள்ள அனுப்பிட்டு, நான் எந்தக் கதவு முன்னால உக்காருவேன், சொல்லுட்டி?"

கத்த வேண்டும் என்றுதான் வந்தேன். முடியவில்லை. எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு, ஆனா அவனை விட்டுட்டு நான் சோறு திங்க முடியாது என்றேன். இரண்டு பேரும் அழுதோம். ஆபீஸுக்கு லீவு.

ஏப்ரல் 2, புதன்

நானே சமைக்கிறேன். முட்டை வேகும்போது அம்மா சமையலறையை விட்டு வெளியே போய்விடுகிறாள். நேர்ச்சையை உடைத்தது பாவமா? அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த முட்டையால்தான் என்பாளா? நானே அப்படி நினைப்பேனோ?

82.1. இன்று செம்பூரிலேயே இறங்கினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

80.5. படியில் எங்கும் உட்காரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா ஃபிரிட்ஜ் முன்னால் நின்று அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் இங்கிலீஷில் இருக்கிறது, அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னைக் கண்டதும் ஃபிரிட்ஜைத் துடைப்பது போல் துடைத்துவிட்டு நகர்ந்தாள். ரெனால்டு, எதையோ வாசித்துக்காட்டிப் பாதியில் நிறுத்தியவன் போல, கட்டிலில் படுத்தபடி சிரித்தான். என்னடா என்றால் ஒன்றுமில்லை என்கிறான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

79.1. செவ்வாய்க்கிழமை ஸ்கேன். பயம் போகவில்லை, அது போகாது போலிருக்கிறது.

இன்று ஒரு நாளாவது முட்டை வேண்டாம் என்று நானே நினைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து இந்த நாளில் பச்சைத் தண்ணீரோடு இருந்த வீடு இது. நான் எழுந்தபோது அம்மா சிலுவைப்பாதைக்குப் போயிருந்தாள். அடுப்பு மேடையில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது. திறந்தேன்.

இரண்டு முட்டை. உரித்து, பாதியாக நறுக்கி, மிளகுத்தூள் போட்டு வைத்திருந்தாள். ஒன்றில் மஞ்சள் கருவை எடுத்திருந்தாள்.

நின்றபடியே இரண்டையும் தின்றேன்.