‘உதவி’ என்று போட வேண்டாம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. நாங்க ரெண்டு பேரும் சுகம்தான், நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குறேன்னு நம்பிக்கை வந்தா இன்னும் கொஞ்சம் சுகமா இருப்போம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மாடி வீட்டுக்காரர் ஒருவழியா தண்ணிக் குழாயை மாத்திட்டார், இனிமே நம்ம சுவர் ஊறாது. போன்ல பேசாம ஏன் கடிதம்னு கேட்பே. போன்ல அம்மா பக்கத்துல நிப்பா, நான் பாதியில பேச்சை மாத்திடுவேன், அதான்.

எனக்காக நீ செய்யுற வெப்சைட்டை, திறக்குறதுக்கு முன்னாடி பாருங்கன்னு லிங்க் அனுப்பியிருந்தியே, பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் படம் போட்டும் ஒரு பக்கத்துலயும் என் பேர் வந்ததில்லை, இதுல எடுத்த எடுப்புல கொட்டை எழுத்துல என் பேரு. பெருமையாத்தான் இருந்துச்சு. கீழே நீ பொறுக்கி வெச்ச பன்னிரண்டு படத்தையும் பார்த்ததும் கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி பார்த்தேன். அதுல நாலு நான் வரைஞ்சது இல்லைம்மா. உனக்கு மூணு வயசு இருக்கும்போது படியில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிஞ்சு, ஏழு மாசம் எனக்குக் கை எழும்பலை. புத்தகம் போடுற ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. அதனால அம்மா தட்டச்சு வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி விடியக்காலையில உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல வரைஞ்சா. இதயம், எரிமலை, வேர், தவளை, நாலும் அவ கை. ரெண்டு பேரும் வெளியில மூச்சு விடலை.

இதைத் திருத்தச் சொல்லப் போறேன்னு அம்மாகிட்ட சொன்னேன். துணி மடிச்சுக்கிட்டே, நாலு இல்லை அஞ்சுன்னா. எது அஞ்சாவதுன்னு கேட்டேன், வௌவால்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. கட்டுப் பிரிச்சப்புறம் நானே வரைஞ்ச முதல் படம் அது. அதைப் பாராட்டி ஒரு அறிவியல் டீச்சர் ஆபீசுக்கு எழுதின கடிதத்தை இன்னும் டிராயர்ல வெச்சிருக்கேன், வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டியிருக்கேன், சம்பந்தி வீட்டுக்காரங்களைக்கூட விட்டு வெக்கலை. என் கோடெல்லாம் நடுங்கியிருந்துச்சாம். தபால்ல சேர்க்கச் சொல்லி நான் கொடுத்ததை அவ பார்த்துப் பார்த்து மறுபடி வரைஞ்சு, தன்னோடதை அனுப்பிட்டாளாம். புத்தகத்துல கட்டைவிரல் அளவுக்கு அச்சாகி வந்ததை என்னோடதுன்னே நானும் நம்பிட்டேன். அன்னைக்கு முழுக்க உர்ருன்னு இருந்தேன், ஒத்துக்குறேன். மறுநாள்தான் ஏன் இத்தனை வருஷமா சொல்லலைன்னு கேட்டேன். அந்தக் கடிதம் வந்த அன்னைக்குத்தான் நீங்க பழையபடி தெம்பா வரையுற மேஜையில போய் உட்கார்ந்தீங்க, அதுக்கப்புறம் நான் எப்படி வாயைத் திறக்குறதுன்னு கேட்டா. டிராயரைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து, இது உனக்கு வந்ததுன்னு கையில கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் படிச்சா. டீச்சருக்குக் கையெழுத்து அழகுன்னு மட்டும்தான் சொன்னா. ஆனா கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கலை.

வெப்சைட்ல தன் பேர் போடுறதுக்கு மொதல்ல ஒத்துக்கலை, இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்னா. நானும் விட்டுட்டேன். சாயங்காலம் அவளாவே வந்து நின்னு, போடுறதா இருந்தா ‘உதவி’ன்னு போடக் கூடாதுன்னு சொல்லிடுங்கன்னா. அதனால அஞ்சு படத்துக்கும் கீழே அம்மா பேரைப் போடு, எனக்குப் போட்ட அதே அளவு எழுத்து. ‘என்னைப் பற்றி’ங்குற தலைப்பை ‘எங்களைப் பற்றி’ன்னு மாத்து. மணிக்கட்டு கதையையும் ஒளிக்காம எழுது, அந்த ஆபீசுல இப்ப யார் கோவிச்சுக்கப் போறாங்க. இப்ப அம்மா பழைய புத்தகத்தையெல்லாம் பரண்ல இருந்து இறக்கச் சொல்லி, கூடத்துல பரப்பி வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமாப் புரட்டிக்கிட்டிருக்கா. சில பக்கம் வந்தா சிரிக்கிறா. ஏன்னு கேட்க எனக்குத் தைரியம் வரலை.

நீயும் மாப்பிள்ளையும் ஒத்துமையா, நோய்நொடி இல்லாம இருக்கணும். நாள் முழுக்கத் திரையையே பார்க்காதே, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு. திருத்தாம மட்டும் திறந்துடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா