அம்மாவிடம் சொல்லாதே

ஆக்ஸ்நார்ட்,
கலிபோர்னியா,
செப்டம்பர் 14

அன்புள்ள எலிசேயோ அண்ணா,

ராணுவப் பயிற்சி எப்படிப் போகிறது? மொட்டை போட்டுவிட்டார்களாமே! போட்டோ அனுப்பாவிட்டால் உன்னோடு டூ. அம்மா ஸ்ட்ராபெர்ரி வயலிலிருந்து வந்ததும் உன் கடிதத்தைத்தான் கேட்கிறாள்.

பள்ளியில் ப்ரிசீலா கும்பல் என்னை விடுவதாயில்லை. அவளும் நம்மைப்போல் மெக்சிகோக்காரிதான், ஸ்பானிஷ் பேசுகிறவள். ஆனால் நான் போனில் அம்மாவோடு நம் வஹாக்கா ஊர் மிஷ்டெக் மொழியில் பேசியதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். "ஏய் வஹாக்கா குள்ளச்சி, இதென்னடி காட்டு பாஷை?" என்கிறார்கள். கழிவறையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். சில நாள், காலையில் கண்விழிக்காமலே போனால் தேவலை என்றிருக்கிறது. பயப்படாதே. அம்மாவிடம் சொல்லாதே.

உன் தங்கை
யாரெலி


சான் டியேகோ,
செப்டம்பர் 25

யாரெலிக் குட்டி,

உன் கடிதத்தைப் படித்ததும் அணிவகுப்பை மறந்து கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னடா, காதலி கைவிட்டுட்டாளா?" என்று சார்ஜென்ட் கத்தினார்.

பள்ளியில் என்னையும் 'வஹாக்கா குள்ளன்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருநாள் அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றாள். "யாருடா அது?" என்றார்கள் கூடப் படித்த பையன்கள். "பக்கத்து வீட்டம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா காதில் விழுந்திருக்கும். இதுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

நீ கேட்டதை மட்டும் என்னால் செய்ய முடியாதம்மா. உன்னைப் பற்றியும் என்னைப் பற்றியும் அம்மாவுக்கு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு வரியையும் விழுங்காதே. உன்னால் முடியாவிட்டால் லியோபா சித்தி வாசிப்பாள், அவளுக்கும் எழுதிவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. நீ எனக்கு வேண்டும்.

அண்ணன்
எலிசேயோ


ஆக்ஸ்நார்ட்,
அக்டோபர் 8

துரோகி அண்ணாவுக்கு,

இரண்டு நாள் உன்மேல் கொலைவெறியில் இருந்தேன். சித்தி வந்து நின்றதும் வேறு வழியில்லாமல் வாசித்தேன். 'பக்கத்து வீட்டம்மா' என்று நீ சொன்ன வரி வந்ததும் தயங்கினேன். "அது எனக்குத் தெரியும். மேல படி" என்றாள் அம்மா. என் விஷயம் வந்ததும் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அறுவடை நேரத்தில், அண்ணா! சேற்று பூட்ஸோடு பள்ளி ஆபீசுக்கு வந்தாள். "ஸ்பானிஷ்ல பேசலாமா?" என்று கேட்டார்கள். "எம் பொண்ணப் பத்தி எம் பாஷையிலதான் பேசுவேன்" என்றாள். மொழிபெயர்ப்பாளர் போனில் கிடைக்க இரண்டு மணிநேரம் ஆனது. நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளியில் அந்த வீடியோவை அழிக்க வைத்துவிட்டார்கள். ப்ரிசீலா இன்னும் முறைக்கிறாள். செவ்வாய்தோறும் மனநல ஆலோசகரிடம் போகிறேன். முதல்நாள் அழுதேன், அவ்வளவுதான்.

அம்மா வந்த அன்று ஆபீஸ் கதவு திறந்தே இருந்தது. அம்மா மிஷ்டெக்கில் சத்தமாகப் பேசினாள். வெளியே பிள்ளைகள் நின்று கேட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் வெட்கமாக இல்லை, அண்ணா.

யாரெலி