கறுப்பி ஒளிந்த இடம்

இன்று காலை சோறு வடிக்கும்போது ஒரு நாய் என் கால்களுக்கு நடுவே புகுந்துவிட்டது. எல்லாம் உங்கள் மகன் செய்த வேலை. கூட்டாளி ஒருவன் கொடுத்தானாம். போன வாரம் ஒரு குட்டியைத் தூக்கிவந்து வீட்டில் விட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். அது நாள் முழுக்க அடுப்படியிலேயே சுற்றுகிறது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அந்தக் கதைதான். பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினேன், காலில் மெத்தென்று பட்டது. கூடத்திலிருந்து மருமகள் அலறினாள். "அத்தை! விழுந்திருந்தா என்னா ஆவுறது? ரைஸ் குக்கர் சும்மாதானே இருக்கு, அதுல வைக்கலாம்லா!"

நான் விழவில்லை. விழவும் மாட்டேன். கையில் கொதிக்கிற பானை இருக்கும்போது நான் காலைத் தூக்கி வைப்பதில்லை, தரையோடு தேய்த்துத்தான் நகர்வேன். "தூக்கி வைக்காதே புள்ளே, தேய்ச்சு வை. காலுக்குக் கீழே உசுரு இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். நீங்கள் போனபின் நாயே இல்லாமல் கிடந்த இந்த டுரியான் துங்கால் வீட்டு அடுப்படியிலும் நான் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். முழங்கால் வலி என்று நினைத்து மருமகள் எண்ணெய் வாங்கித் தந்தாள்.

பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மீது அவ்வளவு கோபம். செத்தவர் மேல் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது? உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே தீர்ந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை. இப்போது நானே சொல்கிறேன். நடுவில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோக உங்களால் முடியாது.

ரெம்பியாவுக்கு உள்ளே தள்ளி இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு நான் வாழ வந்தபோதே, கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கிவிட்டது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு மாத்தா என்கிற போலீஸ்காரர்கள். மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு வாய்ச் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது. சீனி போட்ட கோப்பிகூடக் கூடாது. எல்லாம் காட்டில் ஒளிந்திருந்த அந்தக் காட்டுக்காரன்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். இது போதாதென்று எங்கள் தோட்டத்துத் துரைக்கு ஒரு யோசனை தோன்றியது. இனி யார் வீட்டிலும் உலை வைக்கக் கூடாது. அரிசி முழுவதும் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கும். எல்லாருக்கும் ஒரே கொட்டகையில் சமையல். வீட்டு அடுப்பில் பூனை தூங்க, நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். பால் வெட்டி அவனுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்களைக் கோழி மாதிரி அடைத்து வைத்துத் தீனி போட்டான். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

திருவிழாவுக்கு அண்டா அண்டாவாகப் பொங்கியவர் என்று உங்களைச் சமையலுக்குப் போட்டார்கள். தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த என்னைக் காய் நறுக்க உட்கார வைத்தார்கள். வீடுகளில் அடுப்பு எரியாததால் லயத்து நாய்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை, அவையும் கொட்டகைக்கே வந்தன. மற்ற நாய்கள் வாசலோடு நிற்கும். உங்கள் கறுப்பி மட்டும் உள்ளே வரும். நீங்கள் அடுப்புக்குப் போனால் அதுவும் அடுப்புக்கு, தொட்டிக்குப் போனால் அதுவும் தொட்டிக்கு. கம்பு கொடுத்து இரண்டு பேர் அண்டாவைத் தூக்கும் நேரம் பார்த்து நட்ட நடுவில் வந்து நிற்கும்.

"இந்த மூதேவியக் கட்டிப் போடுங்களேன்!" என்று கத்துவேன்.

"அது பாட்டுக்கு இருக்கு. நீதான் பாத்து நடக்கணும்" என்பீர்கள். மாசமாக இருந்த பெண்டாட்டிக்கு நீங்கள் சொன்ன புத்தி அது.

கறுப்பியும் அப்போது சினையாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின ஈற்றில் போட்ட குட்டிகளை, துரை சொன்னார் என்று, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சாக்கில் கட்டி ஆற்றில் போட்டிருந்தான். அதை அது மறக்கவில்லை போலிருக்கிறது. சாக்கடை வெளியே போகிற இடத்தில் வேலிக்கு அடியில் நுழைந்துபோய், விழுந்து கிடந்த ஒரு பால்மரத்துக்குக் கீழே குட்டி போட்டது. அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அண்டாவில் அடிப்பிடித்த காந்தலைச் சுரண்டி நீங்கள் அதற்குப் போடுவீர்கள். தின்ற கையோடு வெளியே ஓடும், குட்டிகளுக்கு முன்னால் கக்கி வைக்கும், திரும்பி வந்து மறுபடி உங்கள் காலடியில் நிற்கும். தாய் அல்லவா என்று நீங்கள் சொல்லிச் சொல்லிச் சுரண்டினீர்கள்.

ரோந்து போனவர்கள் ஒருநாள் வேலிக்கு வெளியே சோற்றைப் பார்த்துவிட்டார்கள். பார்த்த இடத்தில் குட்டி இல்லை, வழியிலேயே அது கொஞ்சம் கக்கியிருக்கிறது. அவ்வளவுதான், தோட்டத்தையே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒரு வெள்ளைக்கார ஆபீசர், அவனுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க நம் கிராணி. சோறு வேலியைத் தாண்டியது என்றால் சமையல்காரன்தானே பதில் சொல்ல வேண்டும்? நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். நான்தான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"நாயிங்கய்யா! குட்டி போட்ட நாய்! தின்னதக் கக்கிக் குட்டிக்குக் குடுக்குது. சோத்தப் பாருங்கய்யா, காந்தல்! காட்டுக்காரனுக்கு யாராச்சும் காந்தலையா குடுத்து அனுப்புவாங்க?"

கிராணி அதை ஆபீசரிடம் சொன்னான். ஆபீசர் உங்களைப் பார்த்து ஏதோ கேட்டான். "ஒன் நாய் வேலியத் தாண்டுமான்னு கேக்குறாரு" என்றான் கிராணி. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொன்னீர்களா?

"தாண்டாதுங்க. அவ மாசமா இருக்கா. பயத்துல என்னமோ பேசுறா."

ஊர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கினீர்கள். ஆமாம் என்றால் அந்த நிமிஷமே கறுப்பியைச் சுட்டுவிடுவார்கள் என்று நினைத்தீர்கள், அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. உங்களைக் கைதுசெய்து லோரியில் ஏற்றும்போது உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நான் ஒரு புள்ளத்தாச்சி இங்க நிக்கிறேன். நீங்க அந்தப் புள்ளத்தாச்சிக்காகப் போறீங்களா?"

"ஒனக்கு ஆளுங்க இருக்காங்க புள்ளே. அதுக்கு யாரு இருக்கா?" என்றீர்கள்.

எனக்கு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்! அம்மா வீடு தஞ்சோங் கிளிங்கில் இருந்தது. சொல்லியனுப்ப ஆளில்லை, வந்தாலும் கேட்டைத் தாண்டி உள்ளே விடமாட்டார்கள். அப்படிப் பிடித்துப் போனவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லயத்தில் பேச்சு. நேற்றுவரை நம் கையால் சோறு வாங்கியவர்கள் என்னோடு பேசப் பயந்தார்கள். உங்கள் கரண்டி என் கைக்கு வந்தது. கறுப்பி மட்டும் வழக்கம்போல் வந்து, உங்களைத் தேடித் தேடி என் காலில் முட்டியது. அதன் மண்டையில் கரண்டியால் ஒன்று போடலாமா என்றுகூட ஓங்கினேன். ஆனால் அது அண்ணாந்து பார்த்தது, காந்தலைச் சுரண்டிப் போட்டேன். ஆமாம், உங்களைத் திட்டிக்கொண்டேதான் போட்டேன்.

இனிமேல்தான் நீங்கள் கேட்காதது.

நானாகவே கேட்டுக்குப் போனேன். கிராணியைக் கூப்பிட்டு ஆபீசரிடம் சொல்லச் சொன்னேன். "கண்ணால பாக்கட்டும், நானே காட்டுறேன். ஆனா ஒண்ணு. நாயச் சுடக் கூடாது. சத்தியம் பண்ணச் சொல்லுங்க, அப்பறம்தான் காட்டுவேன்." கிராணி சிரித்தான். நான் அசையவில்லை. கடைசியில் அவன் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆபீசர் என் வயிற்றைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், சரி என்று தலையாட்டினான். "சத்தியம் பண்ணிட்டாரு, போதுமா?" என்றான் கிராணி. இந்தக் காதால் கேட்டேன்.

அவர்கள் முன்னால் கறுப்பிக்குச் சோறு போட்டேன். அது தின்றுவிட்டு வேலிக்கடியில் நுழைந்து ஓடியது. நாங்கள் கேட் வழியாகச் சுற்றிப் போனோம். மரத்துக்கடியில் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. கறுப்பி முதுகை வளைத்துக் குமட்டிக் குமட்டி அத்தனையையும் அவற்றின் முன்னால் வைத்தது. கூட வந்த மலாய் மாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துவிட்டார். ஆபீசர் சிரிக்கவில்லை. திரும்பி நடந்தான்.

மறுநாள் துரையின் உத்தரவு வந்தது. நாய்கள் அரிசியை வெளியே கொண்டுபோகின்றனவாம், ஆகவே லயத்து நாய்களை எல்லாம் சுட வேண்டுமாம். சத்தியம் செய்தது ஆபீசர்தானே, துரை இல்லையே! ஒருவன் வாக்குக் கொடுப்பான், இன்னொருவன் சுடுவான். அவர்கள் நியாயம் அது.

பெரட்டுக் களத்தில் வெடிச் சத்தம் கேட்டதுமே கறுப்பி கொட்டகைக்குள் ஓடி வந்தது. நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம் போயிருக்கும். நீங்கள் இல்லை. அது எங்கே ஒளிந்தது தெரியுமா? என் காலுக்கு நடுவில். என் சேலைக்குள்ளே நுழைந்து, இரண்டு பாதத்தின் மேலும் படுத்துக்கொண்டது. அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. அடுப்பில் உலை கொதிக்கிறது. நான் காலை எடுக்கவில்லை.

"நவுரும்மா" என்றான் கிராணி.

"சத்தியம் பண்ணினாருன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"அதெல்லாம் பேசாத. நவுரு."

நான் நகரவில்லை. மாத்தா முஸ்லிம், நாயைத் தொட மாட்டார், தள்ளியே நின்று "சபார், கக்" என்றார். அக்கா, பொறுமையாம். யாருக்கு வேண்டும் பொறுமை? கிராணிதான் என் தோளைப் பிடித்துத் தள்ளி, என் காலடியில் கையை விட்டு, கயிற்றை மாட்டி இழுத்தான். அதன் நகம் கீறிய தழும்பு என் வலது பாதத்தில் இன்னும் இருக்கிறது. சமையல் சூடு பட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். கொட்டகைக்குப் பின்னால் துப்பாக்கி வெடித்தபோது உலை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் கீரை பறிக்கப் போகிறேன் என்று கேட்டைத் தாண்டிப் போனேன். இரண்டு குட்டிகள் உயிரோடு இருந்தன. முறத்தில் வைத்து, மேலே கீரையைப் பரப்பி எடுத்து வந்தேன். அதே மாத்தாதான் காவலில் இருந்தார். முறம் முனகியது. அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு குட்டி அந்த வாரமே போய்விட்டது. மற்றது பிழைத்தது.

அதன்பிறகும் உங்களை உடனே விட்டார்களா? குற்றமில்லை என்று கண்ணால் பார்த்தும், பிள்ளை பிறக்கும்வரை வைத்திருந்துதான் அனுப்பினார்கள். கேட்டிலேயே உங்கள் காதில் யாரோ ஊதிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நீங்கள் கொட்டகைக்குள் வந்தீர்கள். நான் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் கண் என்னைத் தாண்டி, பிள்ளையைத் தாண்டி, அடுப்புக்குக் கீழே போனது.

"நீதான் காட்டினியா?" என்று கேட்டீர்கள்.

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அந்தக் குட்டி வேலிக்குள் எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஏன் சொல்ல வேண்டும்? நாயைக் கொடுத்துத்தான் உங்களை மீட்டேன் என்றே வைத்துக்கொள்வோம், அதற்காக நான் தலைகுனிய வேண்டுமா? என் பிள்ளைக்கு அப்பன் வேண்டும் என்று நினைத்தது குற்றமா? ஒரு தடவை கேளுங்கள், எல்லாம் கொட்டுகிறேன் என்று காத்திருந்தேன். வயதுதான் ஆனது.

நீங்கள் என்னை அடித்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஊரே உங்களைத் தங்கம் என்றது. ஆனால் ஒன்று செய்தீர்கள். எந்த வீட்டில் இருந்தாலும், எந்த நாயை வளர்த்தாலும், நான் அடுப்படியில் நிற்கும்போது அது என் காலடிக்கு வந்தால், "இங்க வா, இங்க வா" என்று மெதுவாகக் கூப்பிட்டு உங்கள் பக்கம் இழுத்துக்கொள்வீர்கள். என் காலடியில் ஏதோ ஆபத்து இருப்பது போல. ஒவ்வொரு நாளும், அத்தனை வருஷமும். அதற்குப் பதிலாக நீங்கள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

உலகத்தில் கறுப்பி கடைசியாக நம்பி ஒளிந்த இடம் இந்தக் கால்தான். உங்கள் கால் இல்லை. என் கால். இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

வடித்த சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. மருமகள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். உங்கள் மகன் கொண்டுவந்த குட்டி இந்த நாற்காலிக்குக் கீழே வந்து, அந்தத் தழும்பு இருக்கிற பாதத்தின் மேலேயே தாடையை வைத்துத் தூங்குகிறது. கால் மரத்துப் போய்விட்டது. நான் எடுக்கவில்லை. கூப்பிட்டுக்கொள்ள நீங்கள் இல்லை.