வெளிச்சம் விழற பக்கத்துல ஒரு நிழல்

வேங்கிக்கால்,
புதன்கிழமை.

அன்பு மகள் தென்றலுக்கு அப்பா எழுதறது. அண்ணாமலையார் தயவுல நான் நல்லா இருக்கேன், நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஓவியாவும் அந்த மஸ்கட் வெயில்ல வாடாம இருக்கணும்னு தினமும் மலையைப் பாத்துக் கும்பிட்டுக்கறேன். தினம் போன்ல பேசற மனுசன் எதுக்கு லெட்டர் எழுதறார்னு நினைப்ப. போனை உங்கம்மா எங்க என் கையில விடறா, ஸ்பீக்கர்ல போட்டு மடியில வச்சிக்கறா, நான் ஒரு வார்த்தை பேசினா அதுக்கு நாலு திருத்தம் சொல்றா. அதான், தலையணைக் கடை கவுஸ் பாஷா மகன் சமீர் லீவு முடிஞ்சி வெள்ளிக்கிழமை அங்க திரும்பறான்னதும் அவன்கிட்டயே குடுத்து அனுப்பறேன். கூட ஒரு அட்டைக்குள்ள ரெண்டு படம் இருக்கு, லெட்டரை முழுசாப் படிச்சிட்டு அப்புறம் பிரி.

சிரிக்காத, உங்கப்பன் படம் வரையக் கத்துக்கறான். நம்ம இஸ்திரி வண்டிக்கு எதிர்வீட்டு மாடியில அன்புச்செல்வினு ஒரு டீச்சர் குடிவந்து ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு டிராயிங் சொல்லித் தருது. துணி குடுக்க வந்தப்ப கையில கரிக்குச்சி டப்பா வச்சிருந்துது. என் வண்டியில மூட்டையா கிடக்கு, கடையில போய்க் கரி வாங்குவாங்களானு கிண்டல் பண்ணி இஸ்திரிப் பொட்டிக் கரி ஒரு துண்டு எடுத்துக் குடுத்தேன். கோடு போட்டுப் பாத்தா பேப்பரே கிழிஞ்சிடுச்சி. அதோட குச்சியை வாங்கி நான் இழுத்தேன், மை தீட்டற மாதிரி மெத்துனு வருது. அண்ணா நீங்களும் வாங்கன்னுது, போயிட்டேன். ஆறாவது படிக்கற பசங்க நடுவுல சம்மணம் போட்டு உக்காந்தா, மூணாவதோட நின்னவன் ஆறாவது பாஸ் ஆன மாதிரி ஒரு கெத்து. கரியைத் தேய்க்கறதுக்கு விரல், அழிக்கறதுக்கு பிரெட்டு, உருட்டி ஒத்தி எடுக்கணும், ஒரு பையன் என் ரப்பரைத் தின்னுட்டான். பேஸ்டல்னு கலர் குச்சியும் இருக்கு, அதுல உங்கம்மா மூஞ்சியைப் போட்டேன், ஆரஞ்சு ஜாஸ்தியாகி மாரியம்மனுக்கு மஞ்சக்காப்பு சாத்தின மாதிரி வந்துது, ரெண்டு நாள் எனக்குக் குழம்பு ஊத்தல. அப்புறம் கரியோட நிறுத்திக்கிட்டேன். அட்டையில இருக்கற முதல் படம் பங்குனியில போட்டது, மூக்கு கொஞ்சம் கோணல், மத்தபடி உங்கம்மாதான்.

ரெண்டாவது இந்த ஆடியில போட்டது. சமையக்கட்டு ஜன்னலோரம் உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா, புடவை முந்தானை நழுவி இருந்துது. வெளிச்சம் இடது பக்கத்துல இருந்து விழுது, அந்தப் பக்கம் பேப்பரை அப்படியே வெள்ளையா விடணும்னு டீச்சர் சொல்லி இருக்கு. நான் விட்டேன், ஆனா கழுத்து சரியா வரல. பாத்துப் பாத்துப் போட்டா வெள்ளையில ஒரு கறுப்பு வருது. கைக்கரி ஒட்டிக்கிச்சுனு பிரெட்டால ஒத்தினேன், மறுபடி பாத்துப் போட்டேன், மறுபடி அதே எடத்துல வருது. டீச்சர்கிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துட்டு, படத்துல தப்பு இல்லண்ணா, அக்கா கழுத்தை ஒரு தடவை நேர்ல நல்லாப் பாருங்கன்னு மட்டும் சொல்லுச்சி. அன்னிக்கி சாயங்காலம் அவ டீ குடிக்கும்போது பாத்தேம்மா. கோலிகுண்டு மாதிரி ஒண்ணு, முழுங்கும்போது மேல போய்க் கீழ வருது. இருபத்தெட்டு வருசமா எதிர்ல உக்காந்து அவ கையால சோறு தின்னவன், கரியைக் கையில எடுத்ததுக்கு அப்புறம்தான் அவ கழுத்தைப் பாத்திருக்கேன்.

என்னாடி இதுன்னு கேட்டேன். முந்தானையை இழுத்துச் சுத்திக்கிட்டா. இந்த வேக்காட்டுல எதுக்கு இவ சால்வை போத்தின மாதிரி திரியறான்னு மூணு மாசமா நான் கேலி பண்ணிக்கிட்டு இருந்தேனே, அவளுக்கு அப்பவே தெரியும். தைப் பொங்கலுக்கு முன்னாடியே கைக்குத் தட்டுப்பட்டுதாம். ஆஸ்பத்திரினு வாயைத் தொறந்தாலே சரசு பெரியம்மா கதையை எடுத்துடறா. அவங்களுக்குக் கட்டி வந்தது வயித்துல, இது கழுத்துல, அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்னு சொல்லிப் பாத்தேன். ஆனா நாம அவங்களை நடத்திக் கூட்டிப் போனோம், ஆஸ்பத்திரி வண்டியில படுக்க வச்சிக் கொண்டாந்தோம், உங்கம்மா அதைத்தான் கண்ணால பாத்தா. எழுந்து வந்து என் படத்தையே பாத்தா. அப்புறம் மெதுவா, "உனக்கு வரையத் தெரியலைன்னே இருக்கட்டும்யா"ன்னா. உனக்குச் சொல்லக் கூடாதுனு ஓவியா பேர்ல சத்தியம் கேட்டா, நான் பண்ணல, தலையை மட்டும் ஆட்டி வச்சேன். வண்டியில நிக்கும்போது எல்லார்கிட்டயும் சிரிச்சிப் பேசறேன், ஆனா சட்டை மேல பொட்டியை வச்சிட்டு எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கறேன், நேத்து கலெக்டர் ஆபீஸ் சார் பேண்ட்டு ஒண்ணு மஞ்சளாயிடுச்சி.

அதனால நீ ஒண்ணு செய். ஞாயித்துக்கிழமை வீடியோவுல கூப்பிடு. நீ போன தடவை வாங்கி அனுப்பின ஜிமிக்கியைப் போட்டுக் காட்டுனு கேளு, அந்த ஆசையை அவளால மறைக்க முடியாது, முந்தானையைத் தள்ளிவிட்டுத் திரும்பித் திரும்பிக் காட்டுவா. அப்ப நீயே பாத்த மாதிரி கேளு. நான் சொன்னா புருசன் தொல்லைனு தள்ளுவா, நீ அழுதா கிளம்பிடுவா. அழறதுக்கு நடிக்க வேண்டியதில்லை, படத்தைப் பாத்தாலே வந்துடும்னு எனக்குத் தெரியும், அதுக்காக அப்பாவை மன்னிச்சிடு. படத்துல ஓரத்துல மூலையில கலைஞ்சிருந்தா அது சமீர் பையில நசுங்கினது, கழுத்துல இருக்கறது கலைஞ்சது இல்ல. திங்கக்கிழமை நான் வண்டி போடப் போறதில்லை, டாக்டரைப் பாக்கக் கவுஸ் பாஷா ஆட்டோ சொல்லி வச்சிருக்கான்.

நீயும் மாப்பிள்ளையும் ஒத்துமையா, நோய்நொடி இல்லாம நூறு வருசம் இருக்கணும். பேத்திக்கு என் முத்தம், தயிர்சாதம் நிறைய குடு. லெட்டர் வந்த சேதியைப் போன்ல சொல்லிடாத, சமீர் வந்துட்டாம்ப்பானு மட்டும் சொல்லு, நான் புரிஞ்சிக்கறேன். டாக்டர் பாத்துட்டு இது ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டா அந்த ரெண்டாவது படத்தைக் கிழிச்சிப் போட்டுட்டு, நீயும் உங்கம்மாவும் சேந்து ஆயுசுக்கும் என்னைக் கிண்டல் பண்ணுங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம கேட்டுக்கறேன், அந்தக் கிண்டல் எனக்குக் கிடைக்கணும்னு நீயும் வேண்டிக்கம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
சக்கரவர்த்தி