இருக்கைக்குத் தனி அட்டை

மார்ச் 3, செவ்வாய்

அருங்காட்சியகத்தின் புதுக் கூடத்துக்கு எட்டு இயந்திரங்கள் போகின்றன. திறப்பு இருபதாம் தேதி. இன்று புல்லறுக்கும் இயந்திரத்தைத் துரு நீக்கக் கழற்ற ஆரம்பித்தோம். இரண்டு இரும்புச் சக்கரம், பக்கவாட்டில் கத்தி, மேலே ஒற்றை இருக்கை. எங்கள் பெருமையே அதுதான். நட்சத்திரக் கம்பெனி செய்தவற்றில் மிஞ்சியிருக்கும் ஒரே இயந்திரம். அதன் விவர அட்டை அப்படித்தான் சொல்கிறது, என் கணவராக இருந்தவர் எழுதிய புத்தகமும். திறப்பு விழாவில் அதைப் பற்றிப் பேசப்போவதும் அவர்தான். நாங்கள் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மேடையில் நிற்பதில் எனக்கு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்று எழுதும் அளவுக்கு ஏதோ இருக்கிறது போல.

மார்ச் 4, புதன்

ஃபிட்டர் இருக்கையைக் கழற்றினார். வார்ப்பிரும்பு. நடுவில் நட்சத்திரம், சுற்றிலும் கம்பெனி பெயர். அதைத் தாங்கும் பட்டையில் இரண்டு துளைகள். ஒன்று பழையது, விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. மற்றது பிற்பாடு யாரோ போட்டது. பிசிறு கையைக் கீறுகிறது. நட்சத்திர இருக்கை இந்த இரண்டாவது துளைக்குத்தான் பொருந்துகிறது.

"மேடம், இது வேற வண்டி சீட்டு மாதிரி இருக்கே."

"மாதிரியா, வேறயேவா?"

"என் மச்சான் வண்டிக்குப் பழைய சோபாவை அறுத்துத்தான் சீட்டு போட்டிருக்கான். அதுக்காக அதை யாரும் சோபான்னு சொல்றதில்ல."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வது, இருக்கையை நம்பாதே என்று. முதலில் உடைவது அதுதான். கையில் கிடைத்ததை மாட்டிவிடுவார்கள். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

மார்ச் 6, வெள்ளி

பல்சக்கரப் பெட்டியின் அடியில் விரல் கனத்துக்கு கிரீஸ். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துச் சுரண்டினோம். வார்ப்பு எண் தெரிந்தது: 417. உதிரிபாகப் புத்தகங்களை மதியம் வரை புரட்டினேன். நங்கூரக் கம்பெனியின் பெட்டி, நட்சத்திரக் கம்பெனியுடையது இல்லை. பச்சைப் பூச்சுக்குக் கீழே சிவப்பு. அதுவும் நங்கூரக் கம்பெனியின் வண்ணம்தான். அவர்கள் செய்த இயந்திரங்கள் எங்கே போனாலும் கிடைக்கும். எங்கள் கிடங்கிலேயே இன்னும் இரண்டு இருக்கின்றன.

"சீட்டை மாட்டிடவா மேடம்? மாட்டிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

மாட்டச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

அக்காவிடம் போனில் உளறிவிட்டேன்.

"அப்பாடா! அந்த ஒரு புத்தகத்தை வெச்சுக்கிட்டு என்னமா பந்தா பண்ணார்! மைக் பிடிச்சுப் பேசுவார்ல, அப்ப எழுந்து சொல்லுடி."

"அக்கா, இது என் வேலை."

"வேலைதாண்டி. எவ்ளோ நல்ல வேலை!"

சிரித்தேன். ஒரு நொடி இனிக்கவும் செய்தது. அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

மார்ச் 9, திங்கள்

திருத்தம் போட மூல அட்டை வேண்டும். பதினாறு வருடத்துக்கு முந்தைய கோப்புப் பெட்டியை இறக்கினேன். தட்டச்சு என்னுடையது. ஓரத்தில் பென்சில் எழுத்தை அழித்த தடம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்ததும் அவர் கையெழுத்து தெரிந்தது. "இருக்கை போதாது. பெட்டி எண் பார்க்க வேண்டும்."

அழித்தது நான்.

கல்யாணமான இரண்டாவது மாதம். நட்சத்திரம் முதலில் என் கண்ணில்தான் பட்டது. துணியால் துடைத்துத் துடைத்துப் பெயரைச் சத்தமாகப் படித்தேன். "எண்ணையும் பார்த்துடலாமே" என்றார். நான் என்ன சொன்னேன்? "எப்பப் பாரு சந்தேகம். நான் சொன்னா சரியா இருக்காதா?" பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் கேட்கவே இல்லை. எனக்காக விட்டுக்கொடுத்தாரா, அவருக்கும் ஆசை தொற்றிக்கொண்டதா — இப்போ யாரைக் கேக்கறது.

புதன்கிழமையிலிருந்து அவரிடம்தான் பிழை கண்டுகொண்டிருக்கிறேன். அஞ்சு நாளா.

மார்ச் 10, செவ்வாய்

அவருக்குப் போன் செய்யவில்லை.

மார்ச் 12, வியாழன்

செய்தேன். துளை, எண், வண்ணம், எல்லாம் சொன்னேன். பென்சில் வரியையும்.

"திருத்தத்துல உன் பேரைப் போடாதே. புத்தகத்துல என் பேர்தானே இருக்கு."

"அட்டையில என் பேர் இருக்கே."

"எதுக்கு ரெண்டு பேரும் அவமானப்படணும்?"

"அழிச்சது நான்தாங்க."

வைத்துவிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

திருத்தத்தை இயக்குநரிடம் கொடுத்தேன். "தவறாக அடையாளம் கண்டவர்" என்ற இடத்தில் என் பெயர். "அழைப்பிதழ் அச்சாகிடுச்சேம்மா" என்றார். இரண்டாம் முறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 20, வெள்ளி

கூடம் திறந்தது. அவர் வரவில்லை. புல்லறுக்கும் இயந்திரம் இருக்கை இல்லாமல் கடைசி வரிசையில் நிற்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

அவர் பார்வையாளர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். நேராக இயந்திரத்துக்கு அடியில் டார்ச்சோடு படுத்துவிட்டார்.

"கடைசி எண் ஏழா, ஒண்ணா?"

"நீங்களே பாருங்க."

பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார்.

"ஏழுதான்."

எழுந்தபோது சட்டையெல்லாம் அழுக்கு. துணியை நீட்டினேன். இருக்கை எங்கே என்றார். கிடங்குக்கு அழைத்துப்போனேன். மூன்றாவது தட்டில் தனி எண்ணோடு இருக்கிறது. நட்சத்திரக் கம்பெனியின் வேலை என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது இனி அது ஒன்றுதான். அட்டையை எடுத்துப் படித்தார். "எந்த இயந்திரத்தினுடையது: தெரியவில்லை."

"இத்தனை வருஷம் எதுல இருந்ததுன்னு எழுதலையே."

"அது அதோட இடம் இல்லையே."

"இல்லதான். ஆனா இருந்ததில்ல? அதையும் எழுது."

காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். பென்சில் வேண்டாம் என்றேன். அதையும் பேனாவால் எழுதினேன்.