ஆண்பிள்ளைகள் மட்டும் ஓட்டுப் போட்ட நாள்

ஜனவரி 9

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குட்டியும் சுகம். நீங்கள் கிரீஸ் கையோடு சாப்பிட உட்காருவதில்லையே?

இந்த வாரம் மூன்றாம் வகுப்புக்குப் பெண்களின் ஓட்டுரிமை வரலாறு. வாயால் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் திங்கட்கிழமை வகுப்பில், 'என்ன விளையாடலாம்?' என்று தேர்தல் வைத்து, "பையன்கள் மட்டும் ஓட்டுப் போடுங்க" என்றேன். கூச்சல் தலைமையாசிரியர் அறைவரை போனது. "ஏன் டீச்சர், எங்களுக்குக் கை இல்லையா?" என்று எழுந்து நின்றவள் உங்கள் மகள்தான்.

பிறகுதான் உண்மைக் கதையைச் சொன்னேன். கையெழுத்துத் தாள்களை ஒட்டி ஒட்டிச் சுருளாக்கி, கடல் கடந்த ஒரு நாட்டில் நாடாளுமன்றத் தரையில் உருட்டிவிடச் செய்த பெண்களைப் பற்றி, இன்னொரு நாட்டில் ஓட்டுக் கேட்டுச் சிறைக்குப் போனவர்களைப் பற்றி. கணக்கு நோட்டைக் கிழித்துக் குட்டியின் கூட்டமும் ஒட்டத் தொடங்கியது. பையன்களிலேயே நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் எல்லோரும் ஓட்டுப் போட்டதில் கண்ணாமூச்சி ஜெயித்தது.

வீட்டுக்கு வரும்போது கேட்டாள்: "அம்மா, அப்பா இருக்கிற ஊருக்கே குடிபோறோம்னு முடிவாச்சே, அதுல உனக்கு ஓட்டு இருந்துச்சா?"

செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்புடன்,
டீச்சரம்மா

ஜனவரி 15

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

பாடத்தை எனக்கும் சேர்த்தே நடத்திவிட்டாய். நான் என்ன ஊர் சுற்றவா வந்தேன்? போர்மேன் பதவியோடு மாற்றல் வந்தது, வந்தேன். வீடு பார்த்து, சமையலறை ஜன்னலுக்கு வலைகூட அடித்தாயிற்று.

கோபத்தில் எங்கள் பஸ் டிப்போ எலக்ட்ரீஷியனிடம் புலம்பினேன். "நீ கேட்டியா?" என்றார். "அவ வேணாம்னு சொல்ல மாட்டாண்ணே." "நான் அதைக் கேக்கலையே" என்றார். அன்று ஒரே பிரேக்கை மூன்று தடவை கழற்றி மாட்டினேன்.

இப்போது கேட்கிறேன். வருகிறீர்களா? வேண்டாம் என்றால் பழைய டிப்போவுக்கே மாற்றல் கேட்பேன், பதவி போனாலும் சரி. முறுக்கிக்கொண்டு சொல்லவில்லை, மனசாரத்தான் சொல்கிறேன்.

உன்,
மெக்கானிக்

பிப்ரவரி 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை சிரித்துக்கொண்டு.

ரகசிய ஓட்டுதான் வேண்டும் என்று குட்டி பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டாள். உங்களுக்கும் ஒரு சீட்டு எழுதிப் போட்டோம். 'போகலாம்' இரண்டு. 'வேன்டாம்' ஒன்று. எழுத்துப்பிழையால் ரகசியம் அம்பலம்!

சிநேகிதிகளை நினைத்துக் கொஞ்சம் அழுதாள். பிறகு, "தோத்தவங்க என்னம்மா செய்யணும்?" என்றாள். "தொடர்ந்து பேசணும்" என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பெரிய விடுமுறைக்கும் இங்கே அழைத்து வரவேண்டுமாம். நான் ஒத்துக்கொண்டேன். உங்களுக்கும் வேறு வழியில்லை.

நீங்கள் கேட்காமலே இருந்திருந்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருப்பேன், வாயைத் திறக்காமல். இப்போது அங்குள்ள பள்ளிக்கு நானே எழுதி வேலை கேட்டிருக்கிறேன். ஜூனிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்.

மே கடைசியில் வருகிறோம். கூட்டிப்போக வந்து நிற்காதீர்கள். முகவரி என்னிடம் இருக்கிறது, நானே கதவைத் தட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சரம்மா